பவளத்துக்கு எந்த உப்பு?

கடல்நீரைக் காய்ச்சினால் உப்பு கிடைக்கிறது. அந்த உப்பைத் திரும்ப நல்ல தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் கிடைக்குமா? கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொள்ளத் தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு பகல் நின்றால் போதும்.

உப்பளத்தில் நீரை ஒரே பாத்தியில் விட்டு வற்ற வைப்பதில்லை. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்திக்கொண்டே போகிறார்கள். இடையிடையே ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்க்கிறார்கள். போமே என்ற அந்த அளவுகோலில் சாதாரணக் கடல்நீர் 3 டிகிரியைச் சற்றுத் தாண்டி நிற்கும். நீர் ஏறக்குறைய பாதியாக வற்றும்போது முதலில் பிரிந்து அடியில் படிவது கால்சியம் கார்பனேட். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகி 25 டிகிரியைத் தொடும்போதுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு கல் கட்டத் தொடங்குகிறது. 29, 30 டிகிரிக்கு வந்ததும் மிஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். நாக்கில் வைக்க முடியாத அந்தக் கசப்பு நீரில்தான் மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமைடும் இருக்கின்றன. வேதியியலாளர் உசிக்லியோ 1849-இல் மத்தியதரைக் கடல்நீரை வைத்து இந்த வரிசையை அளந்து காட்டினார். உப்பளக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதைக் கைப்பழக்கமாகச் செய்துவந்தார்கள்.

ஆக, கடைக்கு வரும் கல்லுப்பு, கடல்நீரில் ஒரு பகுதி மட்டுமே. அதற்கு முன்னால் படிந்த கால்சியம் முந்தைய பாத்திகளில் தங்கிவிட்டது, பின்னால் மிஞ்சிய மெக்னீசியம் வாய்க்காலோடு போய்விட்டது. சமையலுக்கு இதுதான் வேண்டும். பவளத்துக்கோ விட்டுப்போன அந்த இரண்டும்தான் உயிர்.

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர் முதலில் வந்து நிற்கும் இடம் இது. விளக்கு, பம்ப், புரோட்டீன் ஸ்கிம்மர் எல்லாம் வாங்கியாகிவிட்டது. தண்ணீர்? அதைத்தான் தூளாக, வாளியிலும் மூட்டையிலும் விற்கிறார்கள். இன்ஸ்டன்ட் ஓஷன், ட்ராபிக் மரின், ரெட் சீ என்று பெயர்கள். ஒவ்வொன்றிலும் ‘சாதா’, ‘ப்ரோ’, ‘ரீஃப்’ என்று பிரிவுகள். விலை ஏற ஏற டப்பாவில் அச்சிட்ட எண்களும் ஏறுகின்றன. எண் கூடினால் பவளத்துக்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு எங்கே சரி, எங்கே தவறு என்று பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடு 55 சதவீதம், சோடியம் ஏறத்தாழ 31 சதவீதம். பிறகு சல்பேட் 7.7, மெக்னீசியம் 3.7, கால்சியம் 1.2, பொட்டாசியம் 1.1. இந்த ஆறும் சேர்ந்தாலே 99 சதவீதத்தைத் தாண்டிவிடும். பைகார்பனேட்டின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை.

இதில் ஆச்சரியம் எண்களில் இல்லை, அவற்றின் மாறாத விகிதத்தில் இருக்கிறது. 1819-இல் அலெக்சாண்டர் மார்செட் பல கடல்களின் நீரைச் சோதித்துவிட்டு, உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் அதிலுள்ள பொருள்களின் விகிதம் மாறவில்லை என்றார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த நீரிலிருந்து 77 மாதிரிகளை எடுத்து வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்தார். 1884-இல் வெளியான அவருடைய முடிவு மார்செட் சொன்னதை உறுதி செய்தது.

நம் வங்கக் கடலே இதற்கு நல்ல சாட்சி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டிய நன்னீர், கிழக்குக் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே இறங்கிச் சென்னையைத் தாண்டிப் போகிறது. வெயில் காலத்தில் நல்ல உப்போடு இருக்கும் கரையோரக் கடல், மழைக்காலத்தில் கிலோவுக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. உப்பு இவ்வளவு குறைந்தாலும் சோடியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். கடல் நீர்த்துப்போகிறதே தவிர, அதன் கூட்டு மாறுவதில்லை.

ஆனால் டிட்மார் இன்னொன்றையும் கவனித்தார். ஆழ்கடல் மாதிரிகளில் கால்சியம் மட்டும் மேற்பரப்பைவிட ஒரு துளி கூடுதலாக இருந்தது. காரணம், மேலே வாழும் உயிர்கள் கால்சியத்தை எடுத்து ஓடு கட்டுகின்றன. அவை செத்துக் கீழே விழும்போது அந்த ஓடுகளில் ஒரு பகுதி ஆழத்தில் கரைகிறது. மாறாத விகிதம் என்ற விதிக்குக் கடலில் உள்ள முக்கியமான விலக்கு இதுதான். கால்சியமும் அதோடு ஜோடி சேரும் கார்பனேட்டும் உயிர்களின் கைபட்டு மாறுகின்றன. கடல் பெரிது, அதனால் கால்சியத்தில் அந்த மாற்றம் ஏறக்குறைய ஒரு சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் இருப்பது 200 லிட்டர். அங்கே அந்த விலக்குதான் எல்லாமே.

பவளம் எலும்பு கட்டும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீரிலிருந்து ஒரு கால்சியம் அயனியையும் இரண்டு பைகார்பனேட் அயனிகளையும் எடுத்து, ஆரகோனைட் என்ற படிக வடிவில் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. மிச்சம் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். இந்தக் கணக்கு மாறவே மாறாது. நீரில் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு என்பதைக் காட்டும் காரத்தன்மையை, தொட்டிக்காரர்கள் ‘ஆல்க்’ என்று சொல்வதை, டிகேஹெச் என்ற அலகில் அளக்கிறோம். பவளத்தால் அது 1 டிகேஹெச் குறைந்தால், கூடவே கால்சியமும் 7 பிபிஎம் குறைந்திருக்கும்.

கடல்நீரின் கால்சியம் 410 பிபிஎம்மை ஒட்டியது. காரத்தன்மையோ 7 டிகேஹெச்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 7 டிகேஹெச் முழுவதும் தீர்ந்துபோனால்கூட கால்சியத்தில் 50 பிபிஎம்தான் செலவாகியிருக்கும். கால்சியக் கிடங்கு பெரியது, கார்பனேட் கிடங்கு சின்னது. பவளத்தொட்டியில் முதலில் காலியாவது எப்போதும் இந்தச் சின்னக் கிடங்கு. ஆகவே உப்பு வாங்கும்போது கால்சியம் 440-ஆ 460-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டிய முதல் எண் ஆல்க்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்ற பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்துக்குள் சுமார் 26 லட்சம் லிட்டர் கொள்ளும் செயற்கைக் கடல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பவளத்திட்டையே வைத்திருந்தார்கள். கிறிஸ் லாங்டன் குழுவினர் அந்த நீரின் வேதியியலைத் திட்டமிட்டு மாற்றி, பவளத்திட்டு சுண்ணாம்பு கட்டும் வேகம் நீரின் ஆரகோனைட் நிறைவுநிலையைப் பொறுத்து ஏறி இறங்குவதை 2000-இல் வெளியிட்டனர். கார்பனேட் குறைந்தால் கட்டுமானமும் குறைகிறது. கடல் அமிலமாவதைப் பற்றிய இன்றைய கவலைக்கும் நம் வீட்டுத் தொட்டிக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றே.

கடல்நீரைக் கையால் கலக்கும் முயற்சியே பவளத்தின் பக்கத்தில்தான் தொடங்கியது. 1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்கீ கடற்கரையிலிருந்து சிறு பவளங்களை லண்டனுக்கு எடுத்துவந்து வளர்த்தார். காற்றுப் பம்ப் இல்லாத காலம். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது வேலைக்காரப் பெண்ணின் அன்றாட வேலையாயிற்று. கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் விடை தந்தார். கடல்நீரின் பகுப்பாய்வை எடுத்துவைத்துக்கொண்டு நான்கே உப்புகளில் ஒரு பக்குவம் எழுதினார்: சாதாரண உப்பு, பேதியுப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட், மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கால்சியச் சேர்மங்களைச் சேர்க்கவில்லை. அவர் வளர்த்த கடல் அனிமோன்கள் எலும்பு கட்டாதவை, ஆகவே அந்த நீரிலேயே வாழ்ந்தன. அதே நீரில் இன்று ஒரு கல்பவளத்தை வைத்தால் கட்டுவதற்கு எதுவும் இருக்காது. என்ன வளர்க்கப்போகிறோம் என்று தெரியாமல் உப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய உப்பு மூட்டைகளில் பெரும்பாலானவை காஸின் முறையிலேயே, தனித்தனி உப்புகளைச் சேர்த்துக் கலந்தவை, பட்டியல் மட்டும் நீளம். சில நிறுவனங்கள் கடல்நீரை ஆவியாக்கி எடுத்த உப்பை அடிப்படையாக வைத்து, குறைவதை மேலே சேர்க்கின்றன. ‘இயற்கையான கடலுப்பு’ என்று டப்பாவில் பார்த்தால் அதற்காகக் கூடுதல் மதிப்பெண் போட வேண்டாம். உப்பளத்தில் பார்த்ததுதான்: ஆவியாக்கும்போதே கூட்டுப் பிரிந்துவிடுகிறது. அங்கும் மனிதர்தான் கணக்குப் பார்த்துத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

சரி, ஆல்க் எண்ணுக்கு வருவோம். சந்தையில் உள்ள உப்புகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஒரு கூட்டம், கலக்கினால் 7 அல்லது 8 டிகேஹெச் காட்டும், இயற்கைக் கடலை ஒட்டியது. இன்னொரு கூட்டம் 11, 12 காட்டும். ரெட் சீ நிறுவனமே இரண்டும் விற்கிறது: சாதா உப்பு 8-ஐ ஒட்டியும், கோரல் ப்ரோ 12-ஐ ஒட்டியும். பவளத்துக்கு ஆல்க் வேண்டும், ஆகவே பவளம் நிறைய இருக்கும் தொட்டிக்கு 12 உள்ள உப்புதான் சரி என்று கடைக்காரர் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

200 லிட்டர் தொட்டி. ஆல்க் 8. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 லிட்டர் நீரை மாற்றுகிறோம். புது நீர் 12 டிகேஹெச். மாற்றி முடித்ததும் தொட்டியின் ஆல்க் என்ன? 8.4. கூடியது 0.4 மட்டும்.

அந்தத் தொட்டியில் அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் கல்பவளங்கள் நிறைந்திருந்தால், ஒரு நாளைக்கு 1 டிகேஹெச் செலவாவது சர்வசாதாரணம். வாரத்துக்கு 7. செலவு ஏழு, வரவு அரைக்கால்வாசிகூட இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உப்பானாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. தினமும் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும். எவ்வளவு? 200 லிட்டரில் ஒரு டிகேஹெச் ஏற்ற, சோடியம் பைகார்பனேட் ஆறு கிராம். சமையலறையில் ஆப்ப சோடா என்று வைத்திருக்கிறோமே, அதே பொருள். அதோடு தனியாக, கலந்துவிடாமல், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் ஐந்து கிராம் சொச்சம். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கரைத்தால் கண்ணெதிரே சுண்ணாம்பாகப் படிந்துவிடும். இன்னொரு வழி, ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் 1970-களில் பரப்பிய சுண்ணாம்புத் தெளிவு: ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாகச் சுண்ணாம்பு கரைந்த தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது. அதில் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் இருக்கின்றன. ஆனால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு உதவாது, தூய கால்சியம் ஹைட்ராக்சைடாக இருக்க வேண்டும்.

தினமும் இப்படிச் சேர்த்து ஆல்க்கை 8-இல் பிடித்துவைத்திருக்கும் தொட்டியில், ஏதோ அவசரத்துக்குப் பாதி நீரை 12 டிகேஹெச் நீரால் மாற்றினால் என்ன ஆகும்? அரை மணி நேரத்தில் 8 என்பது 10 ஆகிவிடும். கல்பவளங்களுக்கு ஆல்க் குறைவதைவிட, இப்படித் திடீரென்று ஏறி இறங்குவதுதான் ஆபத்து. குறிப்பாக, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவாக வைத்திருக்கும் தொட்டிகளில், ஆல்க் ஏறியதும் கிளைகளின் நுனி வெளுத்துச் சதை உரிவதைப் பவளம் வளர்ப்பவர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். சாந்தமான ஒரு தொட்டி: காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் போன்ற மென்பவளங்கள், ஒன்றிரண்டு மெதுவாக வளரும் கல்பவளங்கள். நாளொன்றுக்கு ஆல்க் செலவு 0.05 டிகேஹெச்தான் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 0.35. வாரம் பத்து சதவீத நீர் மாற்றத்தில் 12 டிகேஹெச் உப்பு கொண்டுவருவது 0.4. செலவும் வரவும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி! மருந்து சேர்க்கும் தொல்லையே இல்லாமல் அந்தத் தொட்டி 8-ஐ ஒட்டியே நிற்கும்.

ஆகவே என் தீர்ப்பு கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிர். எண் கூடிய உப்பு, பவளம் குறைவாக இருக்கும், தினமும் எதுவும் சேர்க்காத தொட்டிக்குப் பொருத்தம். கல்பவளம் நிறைந்து, தினமும் கால்சியமும் ஆல்க்கும் சேர்க்கும் தொட்டிக்கு, இயற்கைக் கடலை ஒட்டிய 7, 8 டிகேஹெச் உப்பே நல்லது. அங்கே உப்பின் வேலை பவளத்துக்குத் தீனி போடுவதல்ல. நீங்கள் பிடித்துவைத்திருக்கும் அளவைக் கலைக்காமல், மற்ற அயனிகளின் விகிதத்தைத் திரும்பச் சரி செய்வதே அதன் வேலை. சோடா உப்பும் கால்சியம் குளோரைடும் சேர்க்கச் சேர்க்க, பவளம் எடுத்துக்கொள்ளாத சோடியமும் குளோரைடும் தொட்டியில் தங்கிக்கொண்டே போகும், சல்பேட்டின் பங்கு குறையும். மார்செட் சொன்ன விகிதம் மெல்லக் கெட்டுப்போகும். நீர் மாற்றம் அதைத்தான் மீட்கிறது.

பவளத்தொட்டி வேதியியலைப் பற்றி நிறைய எழுதியிருக்கும் அமெரிக்க வேதியியலாளர் ரேண்டி ஹோம்ஸ்-ஃபார்லி பரிந்துரைக்கும் எல்லைகள் தாராளமானவை: ஆல்க் 7 முதல் 11, கால்சியம் 380 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். இந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் பவளம் வளரும். ஓரிடத்தில் நிற்பதுதான் முக்கியம். மெக்னீசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பவளம் அதைக் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்கிறது, ஆனால் அது இல்லாவிட்டால் கால்சியமும் கார்பனேட்டும் நீரில் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்திருக்க முடியாது. முளைவிடும் சுண்ணாம்புப் படிகத்தின் மேல் மெக்னீசியம் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. மெக்னீசியம் குறைந்த தொட்டியில், சேர்த்த கால்சியமெல்லாம் ஹீட்டர் மேலும் பம்ப் உள்ளேயும் வெள்ளையாகப் படிவது அதனால்தான்.

டப்பாவில் உள்ள எண் வேறு, உங்கள் வாளியில் கிடைக்கும் எண் வேறு. இதற்கு நம் ஊரின் ஈரக்காற்று பெரிய காரணம். உப்புக் கலவையில் உள்ள மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்பவை. பை சரியாக மூடாமல் ஒரு மழைக்காலம் கிடந்தால் தூள் கட்டியாகும். கட்டியாவதோடு போகாது. உள்ளே ஊறிய ஈரத்தில் கால்சியமும் பைகார்பனேட்டும் சந்தித்து, கரையாத சுண்ணாம்பாகிவிடுகின்றன. அந்தக் கட்டியை நீரில் போட்டால் முழுக்கக் கரையாது, வாளியின் அடியில் மணல்போல ஒன்று மிஞ்சும். ஆல்க்கை அளந்தால் டப்பா சொல்வதைவிட இரண்டு மூன்று டிகேஹெச் குறைவாக இருக்கும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மூட்டையைத் திறந்த அன்றே இறுக மூடும் டப்பாக்களில் பிரித்துவைத்துவிட வேண்டும்.

இன்னொரு காரணம், மிக்சர் பாக்கெட்டைக் குலுக்கினால் பொடியெல்லாம் அடியில் இறங்குவதுபோல, லாரியில் ஆடி ஆடி வரும் மூட்டையிலும் நுண்துகள்கள் கீழே போய்விடுகின்றன. மேலே இருந்து எடுத்த முதல் ஐந்து லிட்டர் நீரும் அடியில் மிஞ்சியதில் கலக்கிய கடைசி ஐந்து லிட்டரும் ஒன்றாக இருக்காது. டிரம்மைப் படுக்கவைத்து உருட்டிவிட்டுத் திறப்பது நல்ல பழக்கம். சின்னப் பையாக வாங்குபவர்கள் முழுப் பையையும் ஒரே தடவையில் கலக்கிவிடலாம்.

கலக்கும் விதத்திலும் உப்பு கெடும். ஒரு லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் தூள் வேண்டியிருக்கும். 35 போதாதா என்று கேட்கலாம். தூளில் உள்ள மெக்னீசியம், கால்சியம் உப்புகள் தம் படிகத்துக்குள்ளேயே நீரைச் சுமந்துகொண்டிருக்கின்றன, அந்த எடையும் சேர்ந்துதான் வருகிறது. வாளியில் முதலில் நீரை நிரப்பி, சிறு பம்ப் ஒன்றை ஓடவிட்டு, சுழலும் நீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். முதல் கைப்பிடி விழுந்ததும் நீர் பால்போலக் கலங்கும், நுரை எழும்பும், பிறகு மெல்லத் தெளியும். தூளைப் போட்டுவிட்டு மேலே நீரை ஊற்றுவது வேண்டாம். அப்போது அடியில் உள்ள முதல் குழம்பில் கால்சியமும் கார்பனேட்டும் கடலில் இருப்பதைப்போலப் பல மடங்கு அடர்த்தியில் நெருங்கி நிற்கும், வெள்ளையாகப் பிரிந்துவிடும். ஒருமுறை பிரிந்தது பின்னால் எவ்வளவு நீர் ஊற்றினாலும் திரும்பக் கரையாது.

வெந்நீரிலும் கலக்கக் கூடாது. சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரைவது நமக்குப் பழக்கம். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும் பொருள். ஆல்க் 12 வரை ஏற்றிய உப்புகளை நாள்கணக்கில் கலக்கிக்கொண்டே வைத்திருப்பதும் இதே காரணத்தால் நல்லதல்ல. கோரல் ப்ரோ போன்றவற்றை நான்கு மணி நேரத்துக்கு மேல் சுழலவிட வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆல்க் 7, 8 உள்ள உப்புகளுக்கு இந்த அவசரம் இல்லை. முந்தைய நாள் இரவு கலக்கிவைத்து மறுநாள் மாற்றலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

எந்தத் தண்ணீரில் கலக்குவது? உப்பைவிட இந்தக் கேள்வி முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே கால்சியமும் பைகார்பனேட்டும் சிலிக்காவும் நைட்ரேட்டும் இருக்கும். அதில் எந்த உப்பைக் கரைத்தாலும் விகிதம் குலைந்துவிடும். ஆர்.ஓ. கருவியில் வடித்து, அதற்குப் பிறகு டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்டு, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரே வேண்டும். சென்னையில் 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்த பிறகு, சில பகுதிகளில் குழாயில் வருவதே ஒரு காலத்தில் கடல்நீராக இருந்ததுதான். அதையும் வடித்தே ஆக வேண்டும். ஆலையிலிருந்து வீட்டுக் குழாய்வரை வரும் வழியில் அதில் வேறு பலதும் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் மெரினாவிலிருந்து இரண்டு கேன் கடல்நீர் பிடித்துவரலாமே? உலகப் புகழ்பெற்ற மொனாக்கோ காட்சியகம் இயற்கைக் கடல்நீரிலேயே பவளம் வளர்க்கிறது. ஆனால் கூவமும் அடையாறும் வந்து விழும் கரையில் பிடிக்கும் நீரில் என்ன கலந்திருக்கும் என்று ஊருக்கே தெரியும். மழைக்காலத்தில் உப்பின் அளவும் ஒரு நிலையில் நிற்காது. செலவு மிச்சம் என்று இதில் இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உப்பில் இருக்கக் கூடாதவையும் உண்டு. செம்பு போன்ற உலோகங்கள் மீனைவிட முதுகெலும்பில்லாத உயிர்களைச் சீக்கிரம் கொல்லும். 1990-களின் பிற்பகுதியில் ஹவாயின் மார்லின் அட்கின்சனும் கிரெய்க் பிங்மனும் சந்தையில் உள்ள உப்புகளைப் பகுத்துப் பார்த்தபோது, பெரிய அயனிகள் கடலை ஒட்டியே இருந்தன, நுண்தனிமங்கள் பலவும் கடலைவிட மிக அதிகமாக இருந்தன. அதன் பிறகு உயிரியலாளர் ரான் ஷிமெக் கடல் முள்ளெலியின் குஞ்சுகளை வெவ்வேறு உப்புகளில் வளர்த்து, சிலவற்றில் அவை பிழைக்கவில்லை என்று எழுதினார். அவர் முடிவுகளை மறுத்தவர்களும் உண்டு, அந்த விவாதம் நெடுநாள் நடந்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இது: நுண்தனிமம் நிறைய இருக்கிறது என்று டப்பாவில் பெருமையாகப் போடுவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே காரணத்தால், மூட்டைக்கு மூட்டை அளந்து, அந்த முடிவை வெளியிடும் நிறுவனத்துக்கு நான் முன்னுரிமை தருவேன். சில உப்புகளில் போரேட்டைக் கூடுதலாகச் சேர்த்து ஆல்க் எண்ணை ஏற்றிக் காட்டுவதுண்டு. சோதனைக் கருவி அதையும் சேர்த்தே எண்ணும், பவளத்துக்கு அதனால் பயனில்லை.

உப்புத்தன்மையை அளக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவும் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காகச் செய்தவை. கடல்நீர் ஒளியை வளைக்கும் விதம் கொஞ்சம் வேறு. தூய நீரை விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்தினால் போதாது, 35-இல் சரிபார்க்க வேண்டும். அதற்கான திரவத்தை விலைக்கும் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். 36.5 கிராம் சமையல் உப்பை 963.5 கிராம் வடித்த நீரில் கரைத்தால், அது 35 அளவுள்ள கடல்நீரைப்போலவே ஒளியை வளைக்கும். கடலாக மாறாத சமையல் உப்புக்குப் பவளத்தொட்டியில் ஒரு வேலை இருக்கிறதென்றால் அது இதுதான். கருவியே 33-ஐ 35 என்று காட்டினால், கால்சியம் முதல் மெக்னீசியம் வரை எல்லா எண்களும் ஆறு சதவீதம் குறைந்துதான் இருக்கும். பாவம், பழி உப்பின்மேல் விழும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது ஒரு பவளத் துண்டை எடுத்துவந்து விற்றால் அது குற்றம், வாங்குவதும் குற்றம். அந்தத் திட்டுகள் ஏற்கெனவே சுண்ணாம்புக்காகத் தோண்டப்பட்டுச் சிதைந்தவை, 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி வெளுத்தவை. இவ்வளவு கவனமாக உப்புத் தேடி வளர்ப்பவர், தொட்டிக்குள் வரும் ஒவ்வொரு உயிரும் எங்கிருந்து, எந்த ஆவணத்தோடு வந்தது என்றும் கேட்க வேண்டும்.

எந்த உப்பை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன்பு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த வாரம் நீர் மாற்ற வேண்டாம், எதையும் சேர்க்கவும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் ஆல்க்கை மட்டும் அளந்து எழுதிவையுங்கள். குழாயில் ஐந்து மில்லி தொட்டி நீரை எடுத்து, காட்டித் திரவம் விட்டதும் நீலப்பச்சையாக நிற்கும். துளித் துளியாக அமிலத்தை விட்டு ஆட்டிக்கொண்டே வர, ஒரு கட்டத்தில் ஒரே துளியில் நிறம் ஆரஞ்சுக்குத் தாவும், அந்தத் துளியில் நிறுத்துங்கள். எண் ஏழுக்குக் கீழே போகத் தொடங்கினால் வாரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், சோதனையை அங்கேயே முடித்துவிடுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிட்டால், மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாரச் செலவு அரை டிகேஹெச்சுக்கு உள்ளே இருந்தால் ஆல்க் கூடிய உப்பு வாங்குங்கள். அதற்கு மேல் என்றால் 8-ஐ ஒட்டிய உப்பும், ஆப்ப சோடாவும், கால்சியம் குளோரைடும் வாங்குங்கள். பிறகு நிறுவனத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு புது மூட்டையிலிருந்தும் முதலில் ஒரு வாளி கலக்கி, அளந்து பார்த்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.